உன் நிறத்தில் ஒரு பேனர்

என் மேசைக்கு அடியில் ஒரு பழைய ஃபிளெக்ஸ் மடித்துக் கிடக்கிறது. காலை நீட்டும்போதெல்லாம் மொடமொடவென்று சத்தம் போடுகிறது. மக்காச்சோளம், ஆட்டுக்கொட்டகை, வெயிலில் வெந்த பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை கடை முழுக்க நிற்கிறது. நாலு நாளைக்கு முன்னால் உன் அண்ணன் கொண்டுவந்து போட்டது. அதில் இருப்பது நீ.

போன வருஷம் உன் சாவுக்கு விக்கிரமங்கலம் முக்கில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் அது. கருமாதி முடிந்ததும் அவிழ்த்து, அதன்மேல் சோளம் காயப்போட்டிருக்கிறார்கள். மழைக்கு ஆட்டுக்கொட்டகைமேல் கிடந்திருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, எந்த பேனரும் கடைசியில் அங்கேதான் போகும். "நம்ம டிசைனை ஆற அமர உக்காந்து பாக்குறது ஆடுங்க மட்டுந்தான்டி" என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

அண்ணன் அதைத் தரையில் விரித்தார். சுருண்டுவிடாமல் ஒரு மூலையில் செருப்பை வைத்தார்.

"தலை தெவசம் வருதும்மா. அதே படம், அதே அளவு. கண்ணீர் அஞ்சலிங்கற எடத்துல முதலாம் ஆண்டு நினைவஞ்சலின்னு மட்டும் மாத்திக் குடுத்துடு. வேற ஒண்ணும் வேணாம்."

நான் குனிந்து பார்த்தேன். ரோஜாப்பூ வளையத்துக்கு நடுவே, பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்த மாதிரி ஒரு முகம். அந்த முகத்தை அப்படி ஆக்கியது நான். முகத்தை வெள்ளையாக்க மாட்டோம் என்று ஊருக்கே சொல்லித் தொழில் செய்த நம் கடையில், நம் சிஸ்டத்தில், என் கையால் உன்னை வெளுத்தேன். இதை உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. திட்ட வேண்டுமானால் திட்டிக்கொள். முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டு.

நாம் முதலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தது பெரம்பலூரில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ஃபிளெக்ஸ் கடையில். இரண்டு சிஸ்டம், இரண்டு நாற்காலி, ஒரே ஃபேன். ஏசி இருந்தது, அது மிஷினுக்கு. நான் பெரம்பலூர்க்காரி. அம்மா பருத்தி எடுக்கப் போய் என்னைப் படிக்க வைத்தாள். நீ விக்கிரமங்கலத்திலிருந்து கிளம்பி, அரியலூரில் பஸ் மாறி, பாதி நாள் நின்றுகொண்டே வருவாய். வந்ததும் நான் முகம் கழுவிப் பொட்டு வைத்து உட்காருவேன். நீ கழுவ மாட்டாய். "கழுவுனா மட்டும் என்ன மாறிடப் போவுது?" என்பாய். வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நான் மாநிறம். எனக்கு அது உறைக்கவில்லை.

ஆர்டர் கொடுக்க வருகிறவர் தேதியைச் சொல்ல மறப்பார், மண்டபத்தின் பேரை மறப்பார், சில சமயம் மாப்பிள்ளையின் பேரைக்கூட மறந்துவிட்டுப் போன் போட்டுக் கேட்பார். ஒன்றை மட்டும் மறக்கவே மாட்டார். "படத்தைக் கொஞ்சம் கலரா வைங்க." கலர் என்றால் வெள்ளை. அதற்கு சாஃப்ட்வேரில் ஒரு கோடு உண்டு. வலப்பக்கம் இழுத்தால் முகம் வெளுக்கும். ஒரு நாளைக்கு முப்பது முகத்தை இழுப்போம். யோசிக்கவே மாட்டோம். கை தானாகப் போகும்.

அந்தக் கல்யாணப் பெண்ணை மறக்க முடியுமா? வரவேற்பு பேனருக்காக, கன்னத்தில் கை வைத்து எடுத்த படம் அது. கை நிறைய வளையல். பெண்ணின் மாமா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு "இன்னும், இன்னும்" என்றார். நான் முகத்தை இழுத்தேன். அவசரத்தில் கையை விட்டுவிட்டேன். மண்டப வாசலில் பத்தடி உயரத்துக்கு ஒரு வெள்ளை முகமும், அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஒரு கருப்புக் கையும். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களாம்.

ஒரு வாரம் கழித்து, மஞ்சள் காயாத தாலியோடு அந்தப் பெண் கடைக்கு வந்தாள். சண்டை போடவில்லை. போனில் இருந்த படத்தைக் காட்டி, "அக்கா, இதுல எது நானு? மூஞ்சியா, கையா?" என்று கேட்டாள். நீதான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, "தப்பு எங்க மேல. உன்மேல ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றாய். அவள் போன பிறகு முதலாளி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "கையையும் சேத்து இழுத்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதுல்ல?"

உன் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். பையை எடுத்துத் தோளில் மாட்டினாய். "இனிமே என்னால யாரையும் வெளுக்க முடியாதுங்க" என்றாய். அவர் சிரித்தார். "அப்ப இந்த ஜில்லாவுல நீ என்ன தொழில் பண்ணுவ?" என்றார். வாசலில் நின்று என்னைப் பார்த்தாய். வா என்றுகூடச் சொல்லவில்லை. நான் ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த டப்பா திரும்பக் கிடைக்கவே இல்லை.

கடை போட்டது அரியலூரில். உனக்கு ஒரு பஸ் மிச்சம், எனக்கு ஒரு பஸ் கூடுதல். மாடிப்படிக்கு அடியில் இரண்டு மேசை போடும் இடம். மிஷின் வேறொருவருடையது, டிசைனும் போட்டோவும் மட்டும் நம்முடையது. பெயர் 'அசல்'. சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு என்பதால், கடை திறந்த நாளே போர்டு வெள்ளை பூத்துவிட்டது. விரலால் துடைத்து நீ எழுத்தைக் காட்டினாய்.

அப்போது திருச்சியில் ஒரு ஓட்டலில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போனோமே. நமக்கென்று ஒரு பிராண்டு எப்படி உண்டாக்குவது என்று கோட் போட்ட ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஒரே மாதிரி நிறங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே மாதிரி எழுத்து வைத்துக்கொள்ளுங்கள், பார்த்ததுமே உங்கள் வேலை என்று தெரிய வேண்டும் என்றார். அதெல்லாம் சரியாகத்தான் சொன்னார். நீ நோட்டில் எழுதிக்கொண்டாய். பிறகு அவர், ஜனங்கள் எப்படி இருக்க ஆசைப்படுகிறார்களோ அப்படிக் காட்டுங்கள் என்று சொல்லி, பால் வெள்ளையில் ஒரு குடும்பத்தின் படத்தைத் திரையில் போட்டார். நீ எழுந்துவிட்டாய்.

"சார், எங்க ஊர்ல ஒரு சுண்ணாம்பு லாரி போனா அரை மணி நேரம் நாங்க எல்லாருமே இந்தக் கலர்லதான் இருப்போம். மூஞ்சியைக் கழுவுனா போயிடும். கழுவுனாலும் போவாத ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. அதைக் காட்டுறதுக்கு வழி இருந்தா சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் நீ நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் சொன்னதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று கோடு போட்டுக்கொண்டே வந்தாய். "ஊரு முழுக்க ஒரே மாதிரி போடுறாங்க. நாமளும் அப்படியே போட்டா நம்மள எதுக்குடி தேடி வரணும்?" என்றாய். பாடாலூர் தாண்டுவதற்குள் நம் கடைக்குச் சட்டம் எழுதி முடித்துவிட்டாய்.

சிங்கம் கிடையாது. பூமழை கிடையாது. தங்க பார்டர் கிடையாது. பின்னால் ஒரே நிறம், அதுவும் கண்ணால் பார்த்த நிறமாக இருக்க வேண்டும்: செந்துறை முந்திரிக்காட்டு மண், வெடித்த பருத்திக்காய், பஸ் ஸ்டாண்டு டீ. படத்தை நாமே போய் எடுப்போம், அவர்கள் புழங்குகிற இடத்தில், சாயங்கால வெளிச்சத்தில். முகத்தில் கை வைக்க மாட்டோம். கடைப் பெயர் இடது கீழ்மூலையில், கட்டைவிரல் அளவுக்கு. பெரிதாகப் போட்டால் என்ன என்று கேட்டேன். "நம்ம பேரு அந்த மூஞ்சிதான். இது சும்மா விலாசம்" என்றாய்.

முதல் மூன்று மாதம் ஜனங்கள் நம்மைப் பாடாய்ப்படுத்தினார்கள். "என்னம்மா, பேனர் காலியா கெடக்கு? முழு அளவுக்கும் ஆர்டர் குடுத்திருக்கேன், பாதியில விட்டுட்டீங்களே?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், அந்தக் காலி இடத்தில் தன் மச்சான்கள் படத்தைப் போட்டுத் தரச் சொன்னார். எட்டு மச்சான். நீ முடியாது என்றாய். அவர் எழுந்து போனார். எட்டு மச்சான்களும் போனார்கள்.

நம்மைக் காப்பாற்றியது பாடாலூர் ஹைவேயில் கடை வைத்திருந்த பரோட்டா மாஸ்டர். போர்டுக்குப் படம் வேண்டும் என்று வந்தவர், வெளிநாட்டுக்காரன் யாரோ தொப்பி போட்டுச் சிரிக்கிற படத்தைப் போனில் வைத்திருந்தார். "இவரா பரோட்டா போடுறாரு?" என்று கேட்டாய். மறுநாள் போய் அவரையே எடுத்தோம். கல்லுக்கு முன்னால், தோளில் துண்டோடு, வேர்வை மின்ன. நல்ல கருப்பு மனிதர். போர்டு ஏறின நாளில் அவர் வீட்டம்மாள் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லையாம். ஆனால் கார்கள் நின்றன. அந்த ரோட்டில் இருக்கிற ஐம்பது போர்டில் உயிரோடு இருந்த ஒரே முகம் அதுதான். இறங்கி வந்தவர்கள் போர்டையும் பார்த்து அவரையும் பார்த்து, "நீங்கதானா?" என்று கேட்டுச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு நமக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. 'கருப்புப் போட்டோக் கடை.' கேலியாகத்தான் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது. நீ பெயிண்ட் வாங்கி வந்து, வாசலில் நம் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாய்: 'முகத்தை வெள்ளையாக்கித் தர மாட்டோம். கேட்டு வருத்தப்படாதீர்கள்.' ரோட்டில் போகிறவர்கள் நின்று படித்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பிறகு உள்ளே வந்தார்கள்.

நான் எப்போதும் உன் பக்கமே நின்றேன் என்று சொன்னால் பொய். ஒரு பெரிய துணிக்கடை, பேர் எதற்கு, தீபாவளி போர்டு அத்தனையும் தருகிறோம் என்று வந்தது. நம் ஊர்ப் பெண்களையே எடுக்கலாம், பின்னணியும் எழுத்தும் நம் பாணியிலேயே இருக்கலாம், முகத்தை மட்டும் 'லேசா' என்றார்கள். எனக்கு ஆசை. உனக்கும் தேவை இருந்தது, எனக்குத் தெரியும். நீ மாட்டேன் என்றாய். நாலு நாள் எதிரெதிரே உட்கார்ந்து, வேலை விஷயத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டிக்கொண்டோம். ஐந்தாம் நாள் நீ ஒரு காகிதம் நீட்டினாய். 'நமக்குன்னு ஒரு கை அமைஞ்சிருக்கு. அதை அடமானம் வைக்கச் சொல்லாத.' அதைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேண்டாம் என்று துணிக்கடைக்குப் போன் செய்தது நான்தான். அந்த வருத்தம் இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன்?

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. மார்பில் கட்டி. திருச்சிக்கு ஏழு மாதம் போய் வந்தாய். முடி கொட்டியபோது முக்காடு போட்டுக்கொள் என்று உன் அம்மா கெஞ்சினாள். நீ கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கடை வாசலில், புதிதாய் முளைத்த அரை அங்குல முடியோடு, கட்டைவிரலில் பெயிண்டோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாய். "எடுடி" என்றாய். எடுத்தேன். திரையில் பார்த்துவிட்டு, "இதான் நானு. வெச்சுக்க" என்றாய். எதற்கு என்று நீ சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நீ போன அன்று காலை பத்து மணிக்கு உன் அண்ணன் பைக்கில் கடைக்கு வந்தார். ஆம்புலன்ஸ் திருச்சியிலிருந்து கிளம்பிவிட்டது. உன்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முக்கில் பேனர் ஏற வேண்டும். நான் அந்தப் படத்தைத் திறந்தேன். அவர் பின்னால் நின்றார். அழுது அழுது குரல் போயிருந்தது.

"இது வேணாம்மா. முடியில்லாம... பழைய படம் ஒண்ணு இருக்குமே. அதுலயும் கொஞ்சம் கலரா வெச்சிடு. ரொம்ப வாடிப்போயிட்டா. நாலு பேரு பாக்குறது."

பழைய படம் ஒன்றைத் திறந்தேன். என் கை போனது. பெரம்பலூர் கடையில் பழகிய அதே கை, வருஷக்கணக்கில் தொடாத அந்தக் கோட்டைத் தடுமாறாமல் பிடித்தது. இழுத்தேன். பூ வைத்தேன். தங்க பார்டர் வைத்தேன். அவர் சொன்னதற்கெல்லாம் சரிங்கண்ணே, சரிங்கண்ணே என்றேன். எல்லாம் முடிந்து, இடது கீழ்மூலையில் நம் பெயரைப் போடப் போனபோது கை நின்றுவிட்டது. போடவில்லை. அசல் என்ற பெயர் இல்லாமல் நம் கடையை விட்டு வெளியே போன ஒரே வேலை உன்னுடையது.

அதோடு முடிந்திருந்தால் துக்கத்தில் செய்தது என்று மனதைத் தேற்றியிருப்பேன். மதியம் செந்துறையிலிருந்து உன் பெரியம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். சின்ன வயசில் பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் உன்னை வைத்துப் பார்த்துக்கொண்டவர்; நீங்கள் வீடு மாறிய பிறகு இந்தப் பக்கம் வந்ததில்லை. இறங்கின இடத்துக்கு எதிரிலேயே பேனர். அவர் அதை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, தாண்டிப் போய், டீக்கடையில் சாவு வீட்டுக்கு வழி கேட்டார்.

"பேனர் கட்டியிருக்காங்களேம்மா, பாக்கலியா?" என்றார் டீக்கடைக்காரர்.

"பாத்தேன்யா. அது வேற யாரோ செவத்த பொண்ணு. இந்த ஊர்ல இன்னிக்கு ரெண்டு சாவா?"

நான் அந்தக் கடை பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நான்தான் எழுந்து போய் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் என் தோளைப் பிடித்து அழுதார். நான் செய்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் கடையை எப்படி நடத்தினேன் என்று கேட்காதே. சொல்லிவிடுகிறேன். வாசலில் நீ எழுதிய வரியை, பெயிண்ட் உதிர்ந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி அழித்தேன். உதிரவே இல்லை. 'கொஞ்சம் கலரா' என்று கேட்டு வந்தவர்களுக்குக் கொஞ்சம் இழுத்துக் கொடுத்தேன். உன்னையே வெளுத்துவிட்டு, மற்றவர்களிடம் எந்த வாயால் மாட்டேன் என்று சொல்வது? வேலை குறையவில்லை, கூடவே செய்தது. ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது ஒரு பேனரைப் பார்த்து, யார் செய்தது என்று யோசித்தேன். நான் செய்தது. அப்போது பயந்துவிட்டேன்.

அந்தப் பயம் ஆறுவதற்குள்தான் உன் அண்ணன் வந்து தரையில் உன்னை விரித்தார்.

"அண்ணே, இதைத் திரும்பப் போட மாட்டேன்" என்றேன்.

"ஏம்மா, ஃபைலு போயிடுச்சா?"

"ஃபைலு இருக்கு. போட மாட்டேன். அவ எப்படி இருந்தாளோ அப்படின்னா போட்டுத் தரேன். இல்லேன்னா வேற கடை பாத்துக்குங்க."

அவர் முகம் சுண்டிவிட்டது. பிறகு வந்தது பார், கோபம் என்று சொல்ல முடியாது.

"உனக்கென்னம்மா தெரியும்? பள்ளிக்கூடத்துல கருவாச்சின்னு கூப்பிட்டாங்க. மூணு எடத்துலேருந்து பொண்ணு பாக்க வந்தாங்க, பஜ்ஜியைத் தின்னுட்டு, கலர் கம்மின்னு சொல்லியனுப்புனாங்க. மூணாவது தடவை அவளே தட்டெல்லாம் கழுவி வெச்சுட்டு வேலைக்குப் போனா. செத்த பெறகாவது என் தங்கச்சியை நாலு பேரு அழகா பாக்கட்டுமேன்னுதானே கேக்குறேன். அதுல என்னம்மா தப்பு?"

பெண் பார்க்க வந்த கதை எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் நீ சொன்னதே இல்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் மாநிறம் என்றா? எனக்கு அண்ணன்மேல் வந்த கோபம் அப்படியே இறங்கி, உன்மேல் ஏறியது. பிறகு அந்தப் பஜ்ஜி தின்றவர்கள்மேல் ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது.

"அவங்க சொன்னதுதான் சரின்னு நாமளும் ஒத்துக்கற மாதிரி ஆயிடும்ண்ணே" என்றேன். "இவ இப்படி இருந்தது தப்புதான், திருத்திட்டோம், பாத்துக்குங்கன்னு முக்குல கட்டி வெக்கிறோம். போன வருஷம் நான் செஞ்சது அதுதான். நீங்க கேட்டீங்க, நான் செஞ்சேன். உங்களைச் சொல்லல. எனக்குப் புத்தி இருந்திருக்கணும். இந்தக் கடை என்னத்துக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும்ல?"

அவர் ஃபிளெக்ஸை மடிக்கக் குனிந்தார். போகப் போகிறார் என்று நினைத்தேன். போனால் போகட்டும், உன் படத்தை நானே அச்சடித்து, நானே கட்டுவேன் என்றும் நினைத்தேன். ஆனால் காட்டாமல் அனுப்ப மனசு வரவில்லை. "ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போங்கண்ணே" என்று அந்தச் சாயங்காலப் படத்தைத் திறந்து, திரை முழுக்கப் பெரிதாக்கினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அரை அங்குல முடியோடு நீ.

அண்ணன் நின்றபடியே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உன் நாற்காலி அது. விரலைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார், தொடவில்லை.

"புருவத்துல இது... இன்னும் இருந்துச்சா?"

இடது புருவத்தின் நடுவே முடி முளைக்காத ஒரு சின்னக் கோடு. நானும் பார்த்திருக்கிறேன். என்னவென்று கேட்டதில்லை.

"நான் தள்ளிவுட்டது" என்றார். "அவளுக்கு எட்டு வயசு. சைக்கிள் கத்துக்குடுன்னு பின்னாடியே வந்தா. போடின்னு ஒரு தள்ளு. கல்லுல போய் விழுந்தா. ரத்தம் ஊத்துது. அம்மாகிட்ட, நானாதான் விழுந்தேன்னு சொல்லிட்டா. கடைசி வரைக்கும் என்னைக் காட்டிக்குடுக்கவே இல்ல."

தரையில் கிடந்த ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு, "போன வருஷம் போட்டதுல இது இல்லியேம்மா?" என்றார்.

"இல்லண்ணே. வெளுக்குறப்ப தழும்பும் சேந்து போயிடும்."

லாரி ஒன்று போனது. அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆறுக்கு நாலு பத்தாது. பத்துக்கு எட்டு போடு. பெருசாக்குனா படம் உடையாதுல்ல?"

"உடையாதுண்ணே."

இன்று காலை விக்கிரமங்கலம் முக்கில் அதைக் கட்டினோம். பின்னால் முந்திரிக்காட்டு மண் நிறம். பூ இல்லை, பார்டர் இல்லை. இடது கீழ்மூலையில் நம் பெயர், கட்டைவிரல் அளவுக்கு. உன் அம்மா தெருவில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "முடி மொளைக்க ஆரம்பிச்சப்ப எடுத்தது" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. தெவச நாளும் அதுவுமாக இப்படியா வைப்பது என்று உன் சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அண்ணன் ஏணிமேல் நின்று கடைசிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது, பைக்கில் வந்த ஒருவர் கால் ஊன்றி நிறுத்தினார். "யாருண்ணே இது, இம்புட்டுக் கருப்பா போட்டிருக்காங்க? கடைக்காரங்க சரியா பண்ணலியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து பதில் வந்துவிட்டது.

"என் தங்கச்சி. அவ இப்படித்தான் இருப்பா. நீ கொஞ்சம் நவுந்து நில்லு, உன் நெழலு அவ மூஞ்சியில வுழுவுது."

மதியம் கடைக்குத் திரும்பினேன். பெயிண்ட் வாங்கி வந்திருக்கிறேன். அழித்த வரியை எழுதிவிட்டுத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். என் எழுத்து உன்னுடையதைப் போல நேராக இல்லை. நாளைக்குக் கடையைத் திறந்ததும் யாராவது வந்து கொஞ்சம் கலரா வைங்க என்பார்கள். கை தானாக அந்தக் கோட்டுக்குப் போகும். இந்த ஜென்மத்தில் அந்தப் பழக்கம் போகாது என்று தெரிந்துவிட்டது. போகிற கையை இழுத்துக்கொண்டு, முடியாதுங்க என்று சொல்வேன். குரல் நடுங்கும். பரவாயில்லை. பெரம்பலூரில் முதலாளி முன்னால் நீ அதைச் சொன்னபோது உன் குரலும்தான் நடுங்கியது. அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது.